உளவியல் இறுதித் தேர்வு: எழுதி முடிச்சவங்க உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

இறுதியாண்டு:
பள்ளி இறுதித் தேர்வுல எனக்கு உளவியல் மட்டும்தான் பாக்கி. கணக்குன்னா போட்டுப் பார்க்கலாம், இதை எப்படிப் படிக்கிறதுன்னே தெரியல. வாசிக்கும்போது எல்லாம் புரியுது. புத்தகத்தை மூடினா பாவ்லோவோட நாயும் ஸ்கின்னரோட எலியும் ஒண்ணாக் கலந்துடுது. எழுதி முடிச்ச அண்ணன், அக்காமார் எப்படித் தயாரானீங்க? "பயப்படாம எழுது"ன்னு மட்டும் சொல்லாதீங்க, அதை வீட்லயே தினமும் சொல்றாங்க.

மூணாவது பெஞ்ச்:
"வாசிக்கும்போது புரியுது"ன்னு சொன்னீங்க பாருங்க, சிக்கலே அங்கதான். கோபம், பயம், மறதி, கூட்டத்தோட கூட்டமாப் போறது, இதெல்லாம் நாம பார்க்காததா? அதனால பக்கத்தைப் புரட்டும்போதே "இது தெரிஞ்சதுதானே"ன்னு தோணும். தேர்வுல கேட்கிறது வேற மாதிரி.

எங்களுக்கு வந்த ஒரு கேள்வி: காரில் ஏறியதும் பீப் சத்தம் கேட்கிறது, பெல்ட் போட்டதும் நிற்கிறது, இப்போதெல்லாம் ஓட்டுநர் ஏறியவுடன் பெல்ட் போட்டுவிடுகிறார், இது எதற்கு உதாரணம்? வெளிய வந்து பேசினப்போ எங்க செட்ல பாதிப் பேர் தண்டனைன்னு எழுதியிருந்தாங்க. சத்தம் எரிச்சலா இருக்கு, அதனால தண்டனையாம். பெல்ட் போடுற பழக்கம் கூடுதா, குறையுதா? கூடுது. கூடினா அது வலுவூட்டல்தான், அதுல பேச்சே இல்ல. தொல்லை விலகுறதால கூடுது, அதனால எதிர்மறை வலுவூட்டல். ஊர் சுத்துறீங்கன்னு அப்பா போனைப் பிடுங்கி வச்சு, அதனால நீங்க ஊர் சுத்துறது குறைஞ்சா, அது எதிர்மறைத் தண்டனை. நடத்தை கூடுதா குறையுதா, எதையாவது கொடுக்கிறாங்களா எடுக்கிறாங்களா, இந்த ரெண்டையும் கேட்டாலே விடை வந்துடும்.

நாயும் எலியும் கலக்குறதுக்கும் இதே வழிதான். பாவ்லோவோட நாய் எதுவும் செய்ய வேண்டாம், சாப்பாட்டோட சேர்த்துக் கேட்டுப் பழகின சத்தம் கேட்டாலே எச்சில் தானா ஊறும். ஸ்கின்னர் பெட்டி எலி லீவரை அழுத்தணும், அப்பதான் சாப்பாடு. தானா வருதா, செஞ்சு வாங்குதா, அவ்வளவுதான்.

படிக்கிற முறைக்கு நம்ம பாடமே பதில் சொல்லுது. 2006-ல ரோடிகர், கார்ப்பிக்கேன்னு ரெண்டு பேர் மாணவர்களுக்கு ஒரு பகுதியை வாசிக்கக் கொடுத்தாங்க. ஒரு சாரார் அதையே திரும்ப வாசிச்சாங்க, இன்னொரு சாரார் பார்க்காம நினைவுல இருந்து எழுதினாங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சுக் கேட்டா திரும்ப வாசிச்சவங்களுக்குத்தான் அதிகம் ஞாபகம்: அவங்க 81 சதவீதம், எழுதிப் பார்த்தவங்க 75. ஒரு வாரம் கழிச்சுக் கேட்டா தலைகீழ்: எழுதிப் பார்த்தவங்க 56, வாசிச்சவங்க 42. முந்தின நாள் ராத்திரி வாசிச்சது அப்ப "மனசுல நிக்குது"ன்னு ஏன் தோணுது, அப்புறம் ஏன் கைவிடுதுன்னு இப்பப் புரியுதா? நான் ஒரு பாடம் முடிச்சதும் புத்தகத்தை மூடிட்டு வெள்ளைத்தாள்ல தெரிஞ்சதையெல்லாம் கொட்டிடுவேன். அப்புறம் புத்தகத்தைத் திறந்து விட்டுப்போனதைச் சிவப்புல எழுதுவேன். அடுத்த தடவை அந்தச் சிவப்பை மட்டும்தான் பார்ப்பேன். முதல் தாளைப் பார்த்தா அழுகை வரும், பரவாயில்ல.

திருத்தும் பேனா:
நான் இந்தப் பாடத்துக்கு விடைத்தாள் திருத்துகிறவள். மேலே சொன்ன பீப் சத்தக் கேள்வி போல ஏதாவது ஒன்று எல்லா ஆண்டும் வரும், எல்லா ஆண்டும் தண்டனை என்றே எழுதுவார்கள்.

ஆய்வுகளைப் பற்றி எழுதும்போது கதையை விரிவாகச் சொல்லிவிட்டு முடிவை விட்டுவிடுகிறார்கள். ஆய்வாளர் சொன்னால் ஒருவர் இன்னொருவருக்கு எவ்வளவு மின் அதிர்ச்சி வரை கொடுப்பார் என்று பார்த்த மில்கிராம் ஆய்வு என்றால் சாம்பல் நிறக் கோட்டு, சுவிட்சுகள், சுவரைத் தட்டும் சத்தம் எல்லாம் ஒன்றரைப் பக்கம் வரும். 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் வரை போனார்கள் என்ற வரி இருக்காது. "மின்சாரம் பாய்ந்து பலர் இறந்தனர்" என்று எழுதிய தாளையும் பார்த்திருக்கிறேன்! மறுபக்கம் இருந்தவருக்கு உண்மையில் மின்சாரம் பாயவில்லை, அவர் நடித்தார். அதனால்தான் அந்த ஆய்வில் ஏமாற்றுதல் பற்றிய நெறிமுறைக் கேள்வி எழுகிறது. அந்த ஒரு விஷயம் தெரியாமல் போனால் "மதிப்பிடுக" என்ற பகுதிக்கு எழுத எதுவும் இருக்காது.

ஆண்டுகளை மனப்பாடம் செய்வதில் நேரத்தைக் கொட்டாதீர்கள். 1963-ஐ 1965 என்று எழுதியதற்காக நான் மதிப்பெண் குறைத்ததில்லை. யாரை வைத்துச் செய்தார்கள், எதை மாற்றினார்கள், எதை அளந்தார்கள், என்ன தெரிந்தது, அதில் என்ன குறை: இவை இருந்தால் போதும். மாணவர்களைக் காவலர், கைதி என்று பிரித்து நடிக்கவைத்த சிம்பார்டோவின் சிறை ஆய்வு இரண்டு வாரத்துக்குத் திட்டமிட்டு ஆறு நாளில் நின்றது என்பதோடு நிறுத்தாமல், காவலர்களாக இருந்தவர்களுக்கு எப்படி நடக்க வேண்டும் என்று முன்கூட்டியே கோடிகாட்டப்பட்டதாக எழுந்த விமர்சனத்தையும் ஒரு வரி சேர்த்தால் அந்தத் தாள் தனியாகத் தெரியும்.

ஒரு பையனோட அம்மா:
மனநலக் கோளாறுகள் பாடம் வந்ததும் என் மகன் வீட்டில் எல்லாருக்கும் ஒரு நோய் கண்டுபிடித்தான். நான் கதவு பூட்டியிருக்கிறதா என்று இரண்டு தடவை பார்ப்பேன், எனக்கு ஓசிடி (ஒரே எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வரும் கோளாறு). அவன் அப்பா பேசமாட்டார், அவருக்கு மனச்சோர்வு. கடைசியில் தனக்கே பதற்றக் கோளாறு என்று ராத்திரி தூங்காமல் உட்கார்ந்திருந்தான். எத்தனை நாளாக இருக்கிறது, அன்றாட வேலையைக் கெடுக்கிறதா என்பதையெல்லாம் பார்த்துதான் கோளாறு என்பார்கள் என்று அவன் புத்தகத்திலேயே இருந்தது. அதை நான்தான் எடுத்துக் காட்டினேன். நிஜமாகவே தூக்கமும் சாப்பாடும் கெட்டுப்போனால் பாடப்புத்தகத்தை விட்டுவிட்டு ஆலோசகரிடம் போய்ப் பேசுங்கள் பிள்ளைகளே.

திருத்தும் பேனா:
அதே பாடத்தில் இன்னொன்று, அம்மா சொன்னதும் நினைவு வந்தது. ஸ்கிசோஃப்ரீனியா (மனச்சிதைவு நோய்) என்றால் இரட்டை ஆளுமை என்று எழுதாதீர்கள். இரண்டும் வேறு வேறு.

இறுதியாண்டு:
எல்லாருக்கும் நன்றி. அண்ணா சொன்ன மாதிரி வளர்ச்சிப் பாடத்தை மூடிவச்சுட்டு எழுதிப் பார்த்தேன். குழந்தையோட சிந்தனை வளர்ச்சிக்கு பியாஜே சொன்ன நாலு நிலையும் வந்துடுச்சு, வயசு கூட சரி. வாழ்க்கையை எட்டு நிலையாப் பிரிச்ச எரிக்சன்தான் காலை வாரிட்டார். மூணாவதுல இருக்கிற முன்முயற்சி-குற்றவுணர்வையும் நாலாவதுல இருக்கிற உழைப்பு-தாழ்வுணர்ச்சியையும் மாத்திப் போட்டிருக்கேன்.

மூணாவது பெஞ்ச்:
எரிக்சனை வயசோட சேர்த்துப் பிடிங்க. பள்ளிக்கூடம் சேர்றதுக்கு முன்னாடி குழந்தை தானா ஒரு விளையாட்டை ஆரம்பிக்கும், "நான் செய்றேன்"னு ஓடி வரும், நாம "சும்மா இரு"ன்னு அதட்டுவோம். அது மூணாவது. பள்ளிக்கூடம் போனதும் வீட்டுப்பாடம், ரேங்க், பக்கத்து வீட்டுப் பையனோட ஒப்பீடு எல்லாம் வந்துடும். நாலாவது அதான். அஞ்சாவது நம்ம வயசு, அதை நீங்க மறக்க மாட்டீங்க.

இறுதியாண்டு:
அஞ்சாவது முதல் தாள்லயே சரியா வந்துடுச்சு அண்ணா 😀 ஆறுல இருந்து எட்டு வரைக்கும்தான் இப்போ முழுக்க சிவப்பு.