ஸ்பிரிண்டுக்குள் சுமைச் சோதனையை எங்கே வைப்பது?

பரந்தன்_சோதனையாளர்:
வணக்கம். கிளிநொச்சியில் ஒரு சிறிய அணி. நெல் கொள்வனவுக்குக் கமக்காரர்கள் முன்கூட்டியே பதிந்து நாள் எடுக்கும் செயலியை எழுதுகிறோம். ஸ்பிரிண்ட் (ஒரு சுற்று வேலைக்கான காலம்) இரண்டு வாரம். காலபோக அறுவடைக்கு முன் அது வெளியே போகவேண்டும். பலர் ஒரே நேரத்தில் வந்தால் செயலி தாங்குமா என்று பார்க்கும் சுமைச் சோதனை ஒவ்வொரு திட்டமிடல் கூட்டத்திலும் "கடைசி ஸ்பிரிண்டில் பார்ப்போம்" என்று தள்ளப்படுகிறது. சோதிக்க நான் ஒருத்திதான். ஜேமீட்டர் என்ற சோதனைக் கருவியில் 500 போலிப் பயனர்களை ஏற்றினால் பதில் வரப் பத்து விநாடிக்கு மேல் ஆகிறது. ஆனால் சேர்வரின் சிபியு சும்மா கிடக்கிறது. கோளாறு எங்கே? இந்தச் சோதனையை எப்போது செய்வது?

வவுனியா_நிரலாளர்:
தங்கச்சி, அந்த 500 எங்கிருந்து வந்தது? முதலில் அதைக் கேளுங்கள். பதிவு திறந்த முதல் மணித்தியாலத்தில் 3,600 பேர் வருவார்கள் என்று வையுங்கள், விநாடிக்கு ஒருவர். படிவம் நிரப்ப 4 நிமிடம் என்றால் ஒரே நேரத்தில் உள்ளே இருப்பவர்கள் 240 பேர். வரும் வேகத்தை உள்ளே இருக்கும் நேரத்தால் பெருக்குங்கள்; லிட்டில் விதி சொல்வது இவ்வளவுதான். அந்த 240 பேரும் சேர்வரை ஓயாமல் தட்டமாட்டார்கள். அடையாள அட்டையைத் தேடுவார்கள், பக்கத்தில் நிற்பவரிடம் கேட்பார்கள். அந்த இடைவெளியை டைமராகப் போடாமல் 500 பேரை ஓடவிட்டால், அறுவடைக் காலத்தில் வரவே வராத கூட்டத்தைச் சோதிக்கிறீர்கள்.

சிபியு சும்மா இருக்கிறது, பதில் மட்டும் தாமதம் என்றால் கோரிக்கைகள் எதற்கோ வரிசையில் நிற்கின்றன. தரவுத்தளத்துக்குத் திறந்து வைத்துப் பகிரும் இணைப்புகளின் தொகுதியைப் பாருங்கள். ஜாவாவில் அதற்கு ஹிகாரி என்ற நூலகத்தைப் பயன்படுத்தினால் இயல்பான உச்சம் 10 இணைப்புகள்தான். உடனே அதைக் கூட்டவேண்டாம். இணைப்பை நெடுநேரம் பிடித்து வைத்திருக்கும் வினவல் (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வி) எது என்று பிடியுங்கள். ஜேமீட்டரை வரைகலைச் சாளரம் இல்லாமல், வேறு கணினியிலிருந்து ஓட்டுங்கள்.

மாங்குளம்_அணித்தலைவர்:
கடைசி ஸ்பிரிண்டில் கண்டுபிடிக்கும் தாமதத்தைத் திருத்த நாள் இருக்காது. பயனர் கதையை (பயனருக்கு என்ன வேண்டும் என்ற குறிப்பை) எழுதும்போதே ஏற்பு நிபந்தனையில் இலக்கத்தைப் போடுங்கள்: "240 பேர் உள்ளே இருக்கும்போது 95 வீதமான சமர்ப்பிப்புகள் 2 விநாடிக்குள் முடியவேண்டும்." சராசரியை நம்பவேண்டாம், அது நல்ல பிள்ளைபோல் நடிக்கும். சிறிய சோதனையை ஒவ்வோர் இரவும் தானாக ஓடவிடுங்கள். எல்லை மீறினால் பில்ட் (நிரலைத் தானாகத் தொகுத்துச் சோதிக்கும் படி) தோல்வியடையட்டும். கே6 என்ற கருவி இதை எளிதாகச் செய்யும். முழுச் சுமையும் பல மணித்தியாலம் ஓடும் சோதனையும் இரவில் அடங்காது. அவற்றை ஒன்றுவிட்ட ஸ்பிரிண்டில் தனி வேலையாக, புள்ளி (வேலையின் அளவு மதிப்பீடு) கொடுத்து எடுங்கள். புள்ளி இல்லாத வேலையை எந்தக் கூட்டமும் மதிக்காது.

ஒட்டுசுட்டான்_வாசகர்:
சிக்னலை மறந்துவிட்டீர்கள். எங்கள் பக்கம் பதில் வரத் தாமதித்தால் "அனுப்பு" பொத்தானை மூன்று தரம் அழுத்துவார்கள். அந்த மறு கோரிக்கைகளையும் சோதனையில் சேருங்கள். ஒரே ஆள் இரண்டு நாள் எடுத்துவிடாமல் தடுக்கிறதா என்றும் பாருங்கள்.

பரந்தன்_சோதனையாளர்:
வவுனியா அண்ணா, நீங்கள் சொன்னதுதான். உச்சம் 10, கமக்காரர் அமைப்பின் பெயரைத் தேடும் வினவலுக்குச் சுட்டி (தேடலை விரைவாக்கும் இன்டெக்ஸ்) போடவில்லை. பரிசோதனைத் தரவு கொஞ்சமாக இருந்தவரை அது தெரியவில்லை. சுட்டி போட்டபின் 240 பேருக்கு இரண்டு விநாடிக்குள் வருகிறது. மூன்று தரம் அழுத்தினால் இப்போது மூன்று பதிவு விழுகிறது. அதற்கு ஒரு கதை எழுதி அடுத்த ஸ்பிரிண்டில் வைத்திருக்கிறேன், புள்ளியோடு.