திராட்சைக் கொடி மஞ்சளாகிறது, என்ன உரம் போடலாம்? (அவசரம்)

பச்சைக்கொடி: வணக்கம். வீட்டுத் திராட்சைக் கொடியில் இலை வெளுத்துக்கொண்டே போகிறது. காயும் பிடிக்கவில்லை. உரம் எல்லாம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். இன்னும் என்ன போடலாம்? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

வேர்முனை: எந்த இலை, கொழுந்தா அடி இலையா? தரையிலா தொட்டியிலா? கொடிக்கு என்ன வயது? "உரம் எல்லாம்" என்றால் எது எது?

மண்புழு: மெக்னீசியம் குறைவு, சந்தேகமே வேண்டாம். எப்சம் உப்பை லிட்டருக்கு 10 கிராம் கரைத்து, வெயில் தாழ்ந்ததும் இலையில் தெளியுங்கள். என் கொடி அதில்தான் தேறியது.

மூத்தகொடி: இதே கேள்விக்கு எத்தனை முறைதான் எழுதுவது? பழைய இழைகளைத் தேடும் பழக்கமே யாருக்கும் இல்லை. திராட்சை என்ன கீரையா, ஊட்டிக்கொண்டே இருக்க? தழைச்சத்து கூடினால் கொடி ஓடும், காய்க்காது. இதெல்லாம் அரிச்சுவடி.

வேர்முனை: ஐயா, முதலில் அவர் என்ன போட்டார் என்று தெரியட்டும்.

பச்சைக்கொடி: கொழுந்துதான். நரம்பு மட்டும் பச்சை. தரையில், மூன்று வயதுக் கொடி. மக்கிய தொழு உரம் போடுகிறேன். அப்புறம் வாராவாரம் விறகுச் சாம்பல். அது உரக்கணக்கில் வராது என்று விட்டுவிட்டேன்.

வேர்முனை: அப்படியானால் மெக்னீசியம் காரணம் இல்லை. அது குறைந்தால் கொடி பழைய இலையிலிருந்து எடுத்துக் கொழுந்துக்கு அனுப்பும், அதனால் அடி இலைதான் முதலில் வெளுக்கும். இரும்பை அப்படி நகர்த்த முடியாது. நீங்கள் சொல்வது இரும்புக் குறைவு போலத் தெரிகிறது. மண்ணில் இரும்பு இருந்தாலும், காரத்தன்மை ஏறினால் வேரால் எடுக்க முடியாது. சாம்பல் அதைத்தான் ஏற்றுகிறது. சாம்பலை நிறுத்தி, மண்ணின் பிஎச் (அமில-கார அளவு; 7-க்கு மேல் காரம்) பாருங்கள். தண்ணீரும் தேங்கக் கூடாது.

மண்புழு: சாம்பலில் பொட்டாஷும் உண்டு. பொட்டாஷ் மிஞ்சினால் மெக்னீசியம் உள்ளே போவது குறையும். ஆக நான் சொன்னதும் தப்பில்லை.

கரிசல்: ஆளுக்கொரு ரசாயனம் சொல்லுங்கள். இயற்கையாகக் கிடைக்கும் சாம்பலைப் பழிக்காதீர்கள்.

மண்புழு: சாம்பலில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். அதுவும் ரசாயனம்தான் அண்ணா.

கரிசல்: அடுப்பிலிருந்து வருவதும் ஆலையிலிருந்து வருவதும் ஒன்றா?

மூத்தகொடி: இரண்டு பேரும் தப்பு. அமில மண்ணுக்குச் சாம்பல் மருந்து, கார மண்ணுக்கு வினை. மண்ணைப் பார்க்காமல் பேசுவது வீண்.

கத்தரி: காய் பிடிக்காததை யாரும் கவனிக்கவில்லையே. கவாத்து செய்தீர்களா? போன பருவத்தில் வளர்ந்து முற்றிய குச்சியிலிருந்து கிளம்பும் புதுத் தளிரில்தான் பூங்கொத்து வரும். வெட்டாமல் விட்டு உரத்தை மட்டும் கொட்டினால் பந்தல் நிறையும், அவ்வளவுதான்.

கரிசல்: ஆலை உப்புக்கு ஆதரவாகப் பேச இங்கே ஆள் நிறைய.

பச்சைக்கொடி: பிஎச் தாளில் 8 வந்தது. சாம்பலை நிறுத்திவிட்டேன். அன்னபேதியை (இரும்பு சல்பேட்) மண்ணில் போடலாமா?

வேர்முனை: இந்த மண்ணில் போட்டால் சீக்கிரமே வேரால் எடுக்க முடியாதபடி கட்டிப்போய்விடும். இடிடிஎச்ஏ வகை இரும்புச் செலேட் (இரும்பை மண்ணில் கட்டிப்போகாமல் பிடித்து வைக்கும் சேர்மம்) வாங்கி, உறையில் சொன்ன அளவில் வேரடியில் ஊற்றுங்கள். சாதாரண இடிடிஏ வகைச் செலேட் இவ்வளவு காரத்தில் நிற்காது.

பச்சைக்கொடி: ஊற்றினேன். புதுக் கொழுந்து பச்சையாக வருகிறது. நன்றி.

கத்தரி: அது சரி, கவாத்து செய்தீர்களா இல்லையா?