20 கேஜ் செமி ஆட்டோ: 24 கிராம் தோட்டாவில் மட்டும் உறை சிக்குது, ஏன்?

கௌதாரிப்பாதை (கேள்வி)
வணக்கம். துப்பாக்கி 20 கேஜ் (கேஜ் என்பது குழல் அளவு, எண் கூடினால் குழல் சிறுக்கும்), சுடும்போது வரும் வாயுவால் (கேஸ்) தானே அடுத்த தோட்டாவை ஏற்றும் செமி ஆட்டோ, 76 மி.மீ. சேம்பர் (தோட்டா உட்காரும் அறை). 28 கிராம் ரவை (சின்ன உலோகக் குண்டுகள்) உள்ள தோட்டாவுக்கு ஒரு குறையும் இல்லை. 24 கிராம் போட்டால் பத்துக்கு மூணு தடவை வெற்று உறை வெளியே விழாமல் வாயிலேயே குத்திட்டு நிக்குது. பாரலை (குழலை)ச் சுத்தம் பண்ணியும் மாற்றமில்லை. காடை, கௌதாரிக்கு 24 கிராம் போதும், அதை விட மனசில்லை. பாரலில் வாயு வெளியேறும் கேஸ் துளையைப் பெரிசாக்கலாமா? இன்னொன்று: 20-க்குப் பதில் 28 கேஜ் எடுத்தால் எவ்வளவு இழப்பு?

மசிதுடைப்பான்
துளையில் கை வைக்காதீங்க. பெரிசாக்கின துளையைத் திரும்பச் சின்னதாக்க முடியாது. 28 கிராமோ அதைவிடக் கனமானதோ போடும்போது போல்ட் (சேம்பரை மூடும், முன்னும் பின்னும் ஓடும் பாகம்) தேவைக்கு மேல் வேகமாகப் பின்னால் போய் ரிசீவரில் (அதைச் சுற்றியுள்ள உடல்) மோதும். நாளடைவில் ஏதாவது ஒன்று விரிசல் விடும்.

போல்ட் முழுத் தூரம் பின்னால் போகவில்லை, அதுதான் உங்கள் கோளாறு. உறுதி செய்ய எளிய வழி: மேகஸின் (தோட்டாக்கள் காத்திருக்கும் குழாய்) காலி, சேம்பரில் ஒரே ஒரு 24 கிராம் தோட்டா. சுட்டதும் போல்ட் பின்னால் பூட்டிக்கிட்டு நிக்கணும். பத்து தடவை பாருங்க. நிற்காமல் மூடிக்கொண்டால் ஒன்று தள்ளும் அழுத்தம் போதவில்லை, இல்லை எங்கேயோ உரசல். உறையின் விளிம்பில் நகக்கீறல் போல் கிழிசல் இருந்தால் மட்டும் சேம்பரையும் எக்ஸ்ட்ராக்டரையும் (உறையைப் பிடித்து இழுக்கும் கொக்கி) சந்தேகிக்கலாம்.

பாரலின் உள்பக்கம் பளபளன்னு இருந்தாலும் இந்த நோய் தீராது. மசி (வெடிமருந்துக் கரி) சேருவது வேறு இடத்தில். சேம்பர், மேகஸின் இரண்டும் காலின்னு கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பார்த்த பிறகு முன்கட்டையைக் கழற்றுங்க. பிஸ்டன் (வாயு தள்ளும் பாகம்), அது ஓடும் மேகஸின் குழாயின் வெளிப்பக்கம், பாரலின் அடியில் உள்ள வளையத்தின் உள்சுவர், இந்த மூணிலும் மசி கெட்டியாகப் படியும். கரைப்பான் தடவி ஊறவிட்டு, பித்தளை பிரஷால் தேய்ங்க. கேஸ் துளையை மெல்லிய கம்பித் துடைப்பானால் குத்தி எடுத்தால் போதும்.

உங்கள் மாடலில் ரப்பர் ஓ-ரிங் (வாயு கசியாமல் அடைக்கும் வளையம்) இருந்தால் அதை வளைத்துப் பாருங்க. நுண்ணிய வெடிப்பு இருந்தாலே கேஸ் கசியும். கனமான தோட்டா அந்தக் கசிவை ஈடுகட்டிவிடும், லேசானதால் முடியாது. உங்கள் அறிகுறிக்கு என் முதல் சந்தேகம் இதன் மேல்தான். ஒரு உபரி ரிங் எப்போதும் பையில் இருக்கட்டும். பிஸ்டனையும் சீலையும் திரும்பப் போடும்போது திசை மாறினாலும் இதே கோளாறு வரும், கையேட்டுப் படத்தோடு ஒப்பிடுங்க.

எண்ணெய் விஷயத்தில் கை இறுகட்டும். பிஸ்டன் பகுதியில் எண்ணெய் வழிந்தால் மசி பசையாகிவிடும், குளிரில் இன்னும் மோசம். போல்டைத் திரும்பத் தள்ளும் ஸ்பிரிங் சில மாடல்களில் பின்கட்டைக்குள் இருக்கும். யாரும் திறந்து பார்க்காத இடம் அது, துருவும் காய்ந்த எண்ணெயும் அங்கேதான் ஒளிந்திருக்கும். புதுத் துப்பாக்கி என்றால் முதலில் சில பெட்டி 28 கிராம் சுட்டுப் பாகங்கள் பழகட்டும்.

ரவைக்கணக்கு
இரண்டாவது கேள்விக்கு. 7½ நம்பர் ஈய ரவை ஒரு அவுன்ஸுக்கு (28 கிராம்) சுமார் 350. 20 கேஜின் ⅞ அவுன்ஸில், அதாவது உங்கள் 24 கிராம் வகையில், ஏறத்தாழ 306. 28 கேஜின் வழக்கமான ¾ அவுன்ஸில் 262. மாடிஃபைடு சோக் (சோக் என்பது பாரல் நுனியின் குறுக்கம், இது நடுத்தரக் குறுக்கம்) 40 கஜத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் சுமார் 60 சதவீதத்தை வைக்கும் என்பது பொதுக் கணக்கு. அப்படியானால் 20-க்கு 184, 28-க்கு 157. அரை அவுன்ஸ் .410-க்கு (28 கேஜைவிடச் சின்னக் குழல்) 105தான், அங்கேதான் வட்டத்தில் பறவை நுழைந்து போகும் அளவு ஓட்டை விழும். காடைக்கு 30 கஜத்துக்குள் 28 கேஜில் ஒரு குறையும் தெரியாது.

இது ஏட்டுக் கணக்குதான். உங்கள் பாரல், உங்கள் தோட்டா, நீங்கள் சுடும் தூரம் இவற்றை வைத்துப் பெரிய தாளில் சுட்டு எண்ணுங்க. ஒரு தாளை நம்பாதீங்க, குறைந்தது ஐந்து. ஈயம் தடை உள்ள நீர்நிலைகளில் இரும்பு ரவை என்றால் கதை வேறு. இரும்பு லேசு, வேகம் சீக்கிரம் இறங்கும். இரண்டு நம்பர் பெரிய ரவை எடுக்கணும், அப்போது எண்ணிக்கை குறையும். சின்ன கேஜின் கையிருப்பு அதிலேயே கரைந்துவிடும். இரும்புக்கு ஃபுல் சோக் (மிக இறுக்கமான குறுக்கம்) வேண்டாம்.

கௌதாரிப்பாதை
இருவருக்கும் நன்றி. ஓ-ரிங் இருக்கும் மாடல்தான், கழற்றிப் பார்க்கிறேன். 28 கேஜ் எடுத்தால் எடை குறைந்த இனர்ஷியா வகைதான் (கேஸால் இல்லாமல் உதையால் இயங்குவது) எண்ணம். அதில் இந்தத் தொல்லை இருக்காதா?

மசிதுடைப்பான்
மசித் தொல்லை குறைவு, வேறு தொல்லை உண்டு. துப்பாக்கி உதைத்துப் பின்னால் நகர்ந்தால்தான் அது வேலை செய்யும். கட்டையில் தோட்டாப்பட்டி, எடைக்கட்டி என்று ஏற்றினாலும், சுவரிலோ மரத்திலோ அண்டக் கொடுத்துச் சுட்டாலும் லேசான தோட்டாவால் போல்ட் முழுதாகப் போய்வராது. போல்டைச் சத்தம் வராமல் மெதுவாக மூடினால் போல்டின் தலை முழுதாகத் திரும்பிப் பூட்டாது. விசையை அழுத்தினால் 'க்ளிக்' மட்டும் கேட்கும். போல்டை எப்போதும் தானாக அடித்து மூட விடுங்க.

28 கேஜையும் 20 கேஜையும் சேர்த்து வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் பைகளைப் பிரித்து வையுங்க. 20 தோட்டா 12 கேஜ் சேம்பருக்குள் வழுக்கிப் போய் பாரலில் அடைத்துக்கொள்ளும். பின்னால் சரியான தோட்டாவும் ஏறிவிடும், சுட்டால் பாரல் வெடிக்கும். 20 உறைக்கு மஞ்சள் நிறம் வைத்ததே அதனால்தான். 28 தோட்டா 20-க்குள் போனாலும் அதே ஆபத்து, அதன் உறைக்கோ அப்படி ஒரு எச்சரிக்கை நிறம் கிடையாது. வீட்டை விட்டுக் கிளம்பும் முன் சட்டைப் பைகளைக் கவிழ்த்துக் காலி செய்யுங்க.