ஒமேகா கான்ஸ்டலேஷன் 168.005: டயல் அசலா, மறுபூச்சா?

கோயம்புத்தூரில் ஒருவர் தம் அப்பாவின் ஒமேகா கான்ஸ்டலேஷன் கைக்கடிகாரத்தை விற்கிறார். மாடல் 168.005, ஆட்டோமேட்டிக், ஸ்டீல். பெட்டியும் இல்லை, பில்லும் இல்லை. விலை 85,000 ரூபாய். சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

போன வாரம் ஒரு வாட்ச் ரிப்பேர்க்காரர் பின்மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே செம்பு நிறத்தில் மின்னும், ஒமேகாவின் 561 ரக மெஷின். அதில் 24 என்று தொடங்கும் எட்டு இலக்க வரிசை எண். அதை வைத்துப் பார்த்தால் 1966 வாக்கில் வந்ததாக இருக்கும். மூடியின் உள்பக்கத்திலும் 168.005 பொறித்திருக்கிறது. நாளுக்கு அரை நிமிடம் வேகமாக ஓடுகிறது. அது சர்வீசில் சரியாகிவிடும்.

டயல்தான் உறுத்துகிறது, பிறகு யாரோ புதிதாகப் பூசி எழுத்தை அச்சடித்திருப்பார்களோ என்று. கிட்டத்தட்ட அறுபது வயதாகியும் புது எவர்சில்வர் தட்டு போலப் பளபளக்கிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் எழுத்துகளின் ஓரம் மை கசிந்ததுபோலத் தடித்திருக்கிறது. நான்கு மணிக் குறிக்கு நேராக நிற்க வேண்டிய கோடு மயிரிழை விலகியிருக்கிறது. பின்மூடியில் உள்ள, வானாய்வகப் படம் பொறித்த பதக்கமோ தேய்ந்துபோய், எட்டு நட்சத்திரங்களில் ஐந்துதான் தெரிகின்றன. உறை இவ்வளவு தேய்ந்திருக்க டயல் மட்டும் எப்படிப் புதிதாக இருக்கும்?

இணையத்தில் கிடைத்த படங்களோடு இரண்டு இரவுகள் ஒப்பிட்டுப் பார்த்தேன். படத்துக்குப் படம் எழுத்து மாறுகிறது. ரிப்பேர்க்காரர் ஒரிஜினல்தான் என்கிறார். விற்பவரை எனக்கு அறிமுகப்படுத்தியதே அவர்தான்.

டயலை நெருக்கத்தில் எடுத்த நான்கு படங்களை இணைத்திருக்கிறேன். இது மறுபூச்சு செய்த டயலா?