டெசைல் குளுக்கோசைடு ஃபேஸ் வாஷ்: உப்புப் போட்டும் தண்ணியாக ஓடுகிறது

காவேரிப்பட்டணம்_சோப்பு
வணக்கம். 1 கிலோ பேட்ச்: டெசைல் குளுக்கோசைடு (நுரை தந்து அழுக்கெடுக்கும் திரவம்) 200 கிராம், பூந்திக்கொட்டை வேகவைத்த சாறு 750, கிளிசரின் 50. சாறு எடுத்தது போர் தண்ணியில். உப்பு 30 கிராம் வரை போட்டாச்சு, கெட்டியாகவில்லை. முகம் இழுக்குது. 10 நாளில் புளிச்ச வாடை, பாட்டில் உப்பிக்கிட்டு வருது. நம்ம ஊர் உப்புத்தண்ணிதான் காரணமா?

பாலக்கோடு_லேப்
தண்ணிமேல் பழி போடாதீங்க. கடினத் தண்ணியில் திரிவது எண்ணெயும் காஸ்டிக்கும் சேர்த்துக் காய்ச்சிய சோப்பு. குளுக்கோசைடுக்கு மின்சுமை இல்லை, கால்சியம் அதைச் சீண்டாது. உப்பு வேலை செய்யாததும் அதனால்தான். எஸ்எல்இஎஸ் (ஷாம்பூவில் போடும் நுரைச் சரக்கு) மாதிரி மின்சுமை உள்ளதுக்குத்தான் உப்பு.

கெட்டியாக்க சாந்தன் கம் 10 கிராம். முதலில் கிளிசரினில் குழைச்சு, அப்புறம் தண்ணியில் ஊத்துங்க. நேரே தூவினால் ஜவ்வரிசி ஜவ்வரிசியா உருண்டுக்கும், எவ்வளவு கிண்டினாலும் கரையாது.

கெட்டுப்போனதுக்குக் காரணம் வேற. குளுக்கோசைடு கேனில் 11.5–12.5 பிஎச்சில் (புளிப்பா காரமா என்று காட்டும் அளவு) இருக்கும். அந்தக் காரம்தான் அதுக்குக் காவல். புளிப்பான பூந்திச் சாறு காரத்தை இறக்கிவிட்டது, பிரிசர்வேட்டிவும் போடலை. சாறில் சர்க்கரையும் இருக்கு. புளிக்காமல் என்ன செய்யும்!

ஓசூர்_ஃபார்முலா
சாறை விட்டுட்டு இப்படிப் போடுங்க: டிஸ்டில்டு வாட்டர் 640, டெசைல் குளுக்கோசைடு 200, கோகோ பீட்டெய்ன் (மென்மையான துணை நுரைச் சரக்கு) 100, கிளிசரின் 30, சாந்தன் 10, சோடியம் பென்சோயேட் 4, பொட்டாசியம் சார்பேட் 2 (கடைசி இரண்டும் பிரிசர்வேட்டிவ்). பீட்டெய்ன் சேர்ந்தால் நுரை கிரீம் மாதிரி வரும், இழுப்பும் குறையும்.

பென்சோயேட்டும் சார்பேட்டும் நல்லாக் கரைஞ்ச பிறகே சிட்ரிக் அமிலம், அதுவும் 50% கரைசலாகச் சொட்டுச் சொட்டாக, கிண்டிக்கிட்டே. மொத்தமாக் கொட்டினால் பென்சோயிக் அமிலம் ஊசி ஊசியாப் படியும். பிஎச் 5–5.3ல் நிறுத்துங்க. 6க்கு மேலே போனால் இந்த இரண்டும் போட்டும் போடாத மாதிரிதான். பிஎச் பேப்பரை நம்பாமல் பிஎச் மீட்டர் வாங்கிடுங்க.

லேபிளில் '100% தாவரம்' மட்டும் வேண்டாம். குளுக்கோசைடு தேங்காய்க் கொழுப்பும் மாவுச்சத்து குளுக்கோசும், சரி. பீட்டெய்னில் பாதி பெட்ரோலியச் சரக்கு.

காவேரிப்பட்டணம்_சோப்பு
பூந்திக்கொட்டை பேரைச் சொல்லித்தானே கேக்குறாங்க?

பாலக்கோடு_லேப்
அப்போ கொட்டையை எடுத்துட்டுத் தோலைக் காயவைத்து, அரைச்சு, சீயக்காயோடு தலைக்குத் தேய்க்கும் பொடியாக் கொடுங்க. ஈரம் இல்லாதவரை புளிக்காது. முகத்துக்கு வேண்டாம், பூந்தியில் நுரை தரும் சபோனின் கண்ணில் பட்டால் பயங்கரமா எரியும்.