பலகோணக் கட்டா, பொருந்துகல் கட்டா?

அனைவருக்கும் வணக்கம். தென் அமெரிக்காவின் இன்கா மக்கள் எழுப்பிய கல்சுவர்களைப் பற்றிய ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் என்ன போடலாம் என்று குழுவில் வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> மெகாலித்திக் என்பதற்குப் 'பெருங்கற்கால' என்றும், பாலிகோனல் மேசன்ரிக்குப் 'பலகோணக் கட்டு' என்றும் போடலாமா?

முதலாவது வேண்டாம் ஐயா. பெருங்கற்காலம் என்றதும் நம் வாசகருக்கு முதுமக்கள் தாழியும் கல்திட்டையும் இரும்புக்காலமும்தான் நினைவுக்கு வரும். பெரு நாட்டில் குஸ்கோ நகருக்கு மேலே நிற்கும் சக்சய்வாமன் கோட்டையோ இன்காக்கள் 15ஆம் நூற்றாண்டில் எழுப்பியது. காலத்தை எடுத்துவிட்டு, 'பெருங்கல் கட்டுமானம்' என்றால் போதும். நூறு டன்னுக்கு மேல் எடை மதிப்பிடப்பட்ட கற்கள் அங்கே உண்டு, பெயர் தகும்.

எனக்கு உறுத்துவது இரண்டாவதுதான். பலகோணம் என்பது சுவரின் முகத்தை மட்டும் பார்த்து வைக்கிற பெயர். சக்சய்வாமன் சுவரைக் கிட்டத்தில் எடுத்த ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கீழ்க் கல்லின் தலையை, மேல் கல்லின் அடிக்கு ஏற்றபடி குடைந்திருப்பார்கள். மேல் கல் அதில் வந்து உட்கார்ந்திருக்கும். நடுவில் சாந்து கிடையாது. விளிம்புகளை மழுக்கியிருப்பதால் மூட்டு ஓடுகிற இடமெல்லாம் மெல்லிய நிழல் விழும். ஒரு கல்லை எடுத்து வேறு இடத்தில் வைத்தால் உட்காராது, பக்கத்துக் கல்லுக்காகவே கொத்தப்பட்டது அது. இரும்பு உளி இல்லாமல், கல்லால் கல்லைத் தட்டியே இப்படிக் கொத்த முடியும் என்று கட்டடக்கலை ஆய்வாளர் ழான்-பியர் புரோட்சன், குஸ்கோ அருகே உள்ள ருமிகோல்கா கல்குவாரியில் தானே தட்டிக் காட்டினார்.

அதனால் என் முன்மொழிவு: பொருந்துகல் கட்டு. செங்கல் கட்டு, கருங்கல் கட்டு என்று கொத்தனார்கள் சொல்கிறார்களே, அதே கட்டு. ஊறுகாய், சுடுசோறு போல இதுவும் வினைத்தொகை. 'பொருந்துக்கல்' என்று ஒற்றுப் போட்டுவிட வேண்டாம்.

> 'கவ்வுகல்' இன்னும் இறுக்கமாக இல்லையா?

நல்ல சொல் அம்மா, ஆனால் அதை வேறொன்றுக்கு வைத்துக்கொள்வோம். பொலிவியாவின் திவனாக்கு என்ற பழைய நகரில் அடுத்தடுத்த இரு கல்லிலும் குழி வெட்டி, உருக்கிய உலோகத்தை ஊற்றிப் பிணைத்தார்கள். அந்த உலோகத் துண்டுக்குக் 'கவ்வி' என்பது அப்படியே பொருந்தும்.

> குஸ்கோவின் கொரிகாஞ்சா என்ற இன்காக் கோயிலின் சுவரிலும் சாந்து இல்லையே, அங்கே கற்கள் செவ்வகமாக வரிசையில் அல்லவா இருக்கின்றன?

சரிதான், இதை நான் யோசிக்கவில்லை. அப்படியானால் பொருந்துகல் கட்டு பொதுப்பெயராக இருக்கட்டும். கொரிகாஞ்சாவில் இருப்பது வரிசைப் பொருந்துகல் கட்டு, சக்சய்வாமனில் இருப்பது பலகோணப் பொருந்துகல் கட்டு. ஐயா சொன்ன பலகோணமும் உள்ளே வந்துவிட்டது. மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.