கவிதையில் உவமைக்கும் புலனனுபவத்துக்கும் எவ்வளவு இடம் தரலாம்?

கேள்வி:
அம்மாவின் சமையலறையைப் பற்றி நான் எழுதிய கவிதையில் நிலவு முகம், மலர்க் கை என்று அடிக்கோர் உவமை வருகிறது. படித்தவர்கள் சொற்கள் அழகாக இருப்பதாகவும், அம்மாதான் கண்ணுக்குத் தெரியவில்லை என்றும் சொன்னார்கள். உவமைகளை நீக்கிவிட்டுக் கண்டதையும் கேட்டதையும் அப்படியே எழுதினால், அது வெறும் விவரிப்பாகிவிடாதா?

மறுமொழி 1:
ஆகாது என்பதற்குக் குறுந்தொகையின் 167ஆம் பாடலே போதும். கூடலூர் கிழார் பாடிய அதுவும் சமையலறைக் கவிதைதான். கட்டித் தயிர் பிசைந்த விரலைத் துடைத்த ஆடையைத் துவைக்காமலே உடுத்தி, தாளிப்புப் புகை கண்ணில் நிறைய, தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் இனிதென்று உண்ண, தலைவியின் முகம் 'நுண்ணிதின் மகிழ்ந்தன்று' (நுட்பமாக மகிழ்ந்தது) என்கிறாள் அவளை வளர்த்த தாயான செவிலி. ஆறே அடிகளில் தொடுகை, மணம், சுவை மூன்றும் வந்துவிடுகின்றன. பாடலில் விரலுக்கு வரும் காந்தள் பூவும் கண்ணுக்கு வரும் குவளைப் பூவும் அன்றைக்கே பழகிப்போன உவமைகள்தாம். ஆனால் காந்தள் விரலில் தயிரும் குவளைக் கண்ணில் புகையும் படும்போது அவற்றுக்கு உயிர் வந்துவிடுகிறது. அந்த மகிழ்ச்சிக்கோ உவமையே இல்லை.

மறுமொழி 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன். எனினும் உவமையும் விவரமும் எதிரெதிரானவை என்ற எண்ணம் வந்துவிடக் கூடாது. குறுந்தொகை 25இல், தலைவன் தன்னைக் கூடியபோது சாட்சியாக யாரும் இல்லை, ஒரு குருகு (நீர்ப்பறவை) மட்டுமே இருந்தது என்கிறாள் கபிலரின் தலைவி. அதன் கால்கள் 'தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால', அதாவது தினைத்தண்டு போன்ற சிறிய, பசிய கால்கள். தொல்காப்பியர் வினை, பயன், மெய், உரு என உவமத்தை நான்காகப் பகுக்கிறார். அவற்றுள் வடிவைக் குறிக்கும் மெய்யும் நிறத்தைக் குறிக்கும் உருவும் இங்கே ஒருசேரப் பொருந்துகின்றன. தினையோ அவள் வாழும் குறிஞ்சி நிலத்தின் பயிர். அந்த ஒற்றைச் சாட்சியும் ஓடுநீரில் ஆரல் மீனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது என்பதில், அவன் பொய் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற அவளுடைய அச்சம் முழுவதும் அடங்கிவிடுகிறது. அச்சம் என்ற சொல் பாடலில் எங்குமே இல்லை.

மறுமொழி 3:
அப்படியானால், உங்கள் ஒவ்வோர் உவமையும் அம்மா புழங்கிய பொருள்களிலிருந்து வந்ததா என்று பாருங்கள். நிலவு முகம் எந்த அம்மாவுக்கும் பொருந்தும். சூடு பார்க்கத் தோசைக்கல்லில் நீர் தெளிப்பது, அந்த ஓசையைக் கேட்டே தீயைத் தணிப்பது போன்றவை அடுப்படியில் நிற்பவருக்கே உரியவை. இன்றைய கவிதைகள் பெரும்பாலும் கண்ணோடு நின்றுவிடுகின்றன என்பது என் கருத்து. காதுக்கும் மூக்குக்கும் இடம் கொடுத்துத் திருத்தி எழுதியபின், இரண்டு வடிவங்களையும் இங்கே பதிவிடுங்கள். அடி அடியாக ஒப்பிட்டுப் பேசலாம்.